வெப்சைட் திறக்காதபோது: டொமைன் கோளாறு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பெருநிலம் ஆகிய பகுதிகளில் பாடசாலை, கோவில், கூட்டுறவுச் சங்கம், அரிசி ஆலை, தங்குவிடுதி ஆகியவற்றின் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்பவர்களுக்காக இந்தப் பக்கம். பெரும்பாலான இடங்களில் அந்தப் பொறுப்பு ஓர் ஆசிரியரிடமோ செயலாளரிடமோ கணக்குப் பிள்ளையிடமோதான் இருக்கிறது. வெப்சைட் ஒருநாள் திறக்காமல் போனால் அவர்கள் முதலில் கூப்பிடுவது வெப்சைட் செய்து கொடுத்த பொடியனை. ஆனால் பல தடவைகளில் வெப்சைட்டில் ஒரு பிழையும் இருக்காது. வெப்சைட்டின் பெயர், அதாவது டொமைன்தான் வழி தவறியிருக்கும்.

திறக்கவில்லை என்றவுடன் முதலில் என்ன செய்வது?

திரையில் வந்த செய்தியை அப்படியே ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். "வேலை செய்யவில்லை" என்று வாட்ஸப்பில் எழுதுவதைவிட அந்த ஒரு படம் பாதி வேலையை முடித்துவிடும்.

செய்தியின் கடைசியில் "என்எக்ஸ்டொமைன்" என்று இருந்தால், அப்படி ஒரு பெயரே இல்லை என்று பதில் வந்திருக்கிறது. பெயரைப் பிழையாகத் தட்டியிருக்கலாம், அல்லது டொமைன் காலாவதியாகியிருக்கலாம், அல்லது ரெக்கோட் (இந்தப் பெயருக்கு இந்த முகவரி என்று எழுதி வைத்த பதிவு) அழிந்திருக்கலாம். "நேம் நொட் ரிசோல்வ்ட்" என்றால் பெயருக்கு முகவரி கிடைக்கவில்லை. உங்கள் நெட்டிலும் பிழை இருக்கலாம், டொமைனிலும் இருக்கலாம். "டைம்ட் அவுட்" என்றால் பெரும்பாலும் முகவரி கிடைத்துவிட்டது, அங்கேயுள்ள சேர்வர்தான் பேசவில்லை. 403, 404, 500, 503 போன்ற எண் வந்தால் டொமைனைத் தொடவே வேண்டாம். ஏதோ ஒரு சேர்வர் உங்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறது, பிழை பெரும்பாலும் ஹொஸ்டிங் (வெப்சைட் வைக்கப்பட்டிருக்கும் சேர்வர்) பக்கம்.

வாட்ஸப், பேஸ்புக் எல்லாம் வேலை செய்கின்றன. எங்கள் வெப்சைட் மட்டும் திறக்கவில்லை. டொமைன் பழுதா?

முதலில் டேட்டா மீதியைப் பாருங்கள். குறிப்பிட்ட செயலிகளுக்கு மட்டும் டேட்டா தரும் பக்கேஜ் போட்டிருந்தால், பொது டேட்டா முடிந்த பிறகும் வாட்ஸப்பும் யூடியூப்பும் ஓடும், மற்ற வெப்சைட் ஒன்றும் திறக்காது. இரவுக்கு மட்டும் ஒதுக்கிய டேட்டாவும் இதே குழப்பத்தைத் தரும். நீங்கள் வழக்கமாகப் போகாத வேறொரு வெப்சைட்டைத் திறந்து பாருங்கள். அதுவும் திறக்காவிட்டால் உங்கள் டொமைன் குற்றவாளி அல்ல.

கரண்ட் போய் நீண்ட நேரமாகிவிட்டால் ரவரின் பற்றரி இறங்கத் தொடங்கும். போனில் சிக்னல் கோடுகள் நிற்கும், டேட்டா ஓடாது. அந்த நேரத்தில் எடுத்த முடிவுகளை நம்பி டொமைன் அமைப்பில் கைவைக்காதீர்கள்.

டொமைன், நேம்சேர்வர், ஹொஸ்டிங் மூன்றும் ஒன்றுதானே? ஒரே இடத்தில்தான் காசு கட்டினோம்.

ஒரே இடத்தில் கட்டினாலும் மூன்றும் வேறு. டொமைன் உங்களுக்கு எழுதித் தந்த அறுதி உறுதி அல்ல. ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கிற காணி அனுமதிப்பத்திரம் போன்றது. அதைத் தருகிறவர் பதிவாளர். ஹொஸ்டிங் அந்தக் காணியில் நிற்கிற வீடு. நேம்சேர்வர் "இந்தப் பெயர்க்காரரின் வீடு எங்கே?" என்று வருகிறவருக்கு வழிகாட்டுகிறவர்.

ஒருவர் பெயரைத் தட்டியதும் அவருடைய நெட் நிறுவனத்தின் சேர்வர், வேர்ச் சேர்வர்களில் தொடங்கி விசாரிக்கும். வேர்ச் சேர்வர்கள் பதின்மூன்று பெயர்களில் உலகம் முழுவதும் பரவியிருக்கின்றன. அவை டொட் கொம் அல்லது டொட் எல்கே சேர்வரைக் காட்டும். அந்தச் சேர்வர் உங்கள் நேம்சேர்வரைக் காட்டும். உங்கள் நேம்சேர்வர் கடைசியில் முகவரி எண்ணைத் தரும். டிஎன்எஸ் என்ற இந்த ஏற்பாடு 1983 இல் உருவானது. இன்றும் அடிப்படை அதேதான். சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தது என்று கண்டுபிடித்தால் யாரைக் கூப்பிடுவது என்று தெரிந்துவிடும். அது தெரியாமல் மூன்று பேரையும் கூப்பிட்டால் மூவரும் மற்றவரைக் கைகாட்டுவார்கள்.

எந்தக் கண்ணி அறுந்தது என்பதை நாங்களே பார்க்க முடியுமா?

முடியும். விண்டோஸ் கணினியில் ஐந்து நிமிட வேலை. கொமாண்ட் புரொம்ப்ட்டைத் திறந்து என்எஸ்லுக்அப் என்று தட்டுங்கள் (என், எஸ் என்ற இரண்டு எழுத்தும் லுக்அப் என்ற சொல்லும் இடைவெளியின்றி). பிறகு ஓர் இடைவெளி விட்டு உங்கள் டொமைன் பெயர், என்டர்.

பதிலின் முதல் இரண்டு வரியைப் பார்த்து ஏமாற வேண்டாம். அங்கே 192.168.1.1 போன்ற ஓர் எண் நிற்கும். அது உங்கள் வெப்சைட்டின் முகவரி அல்ல. பதில் சொன்ன ரவுட்டரின் முகவரி. அதற்கு மேலே "சேர்வர்: அன்னோன்" என்று இருந்தாலும் பயப்பட ஒன்றுமில்லை, ரவுட்டருக்குப் பெயர் வைக்கப்படவில்லை என்பதுதான் அதன் பொருள். அதற்குக் கீழே "நொன் ஓதரிட்டேட்டிவ் ஆன்சர்" என்ற வரிக்குப் பின் வருகிற எண்தான் உங்கள் வெப்சைட்டின் முகவரி. அந்த ஆங்கில வரியும் பிழைச் செய்தி அல்ல. நினைவில் வைத்திருந்த பதிலைச் சொல்கிறேன் என்கிறது, அவ்வளவுதான்.

இப்போது அதே கட்டளையைத் தட்டி, டொமைனுக்குப் பின் இன்னோர் இடைவெளி விட்டு 8.8.8.8 என்று சேர்த்து என்டர் பண்ணுங்கள். இது கூகிளின் சேர்வரிடம் நேரே கேட்பது. பிறகு 1.1.1.1 சேர்த்துக் கேளுங்கள். அது கிளவுட்ஃபிளேர் என்ற நிறுவனத்தின் சேர்வர். மூன்று பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மூன்றிலும் ஒரே எண் வந்து, அது உங்கள் ஹொஸ்டிங் நிறுவனம் தந்த எண்ணாகவும் இருந்தால், டொமைன் சரி. ஹொஸ்டிங்காரரிடம் கேளுங்கள். எண் வந்து, அது ஹொஸ்டிங் எண் இல்லையென்றால் ரெக்கோட் பழையது அல்லது பிழை. (கிளவுட்ஃபிளேர் வழியாக வெப்சைட்டை ஓடவிட்டிருந்தால் கிளவுட்ஃபிளேரின் எண்தான் தெரியும், அது வழமை.) கூகிளிடம் கேட்டால் வருகிறது, உங்கள் ரவுட்டரிடம் கேட்டால் வரவில்லை என்றால் பிழை உங்கள் இணைப்பில். மூன்றிலும் "நொன் எக்சிஸ்டன்ட் டொமைன்" என்றால் பதிவாளர் பக்கம் போங்கள். "சேர்வர் ஃபெய்ல்ட்" என்று வந்தால் பெயர் பதிவில் இருக்கிறது, ஆனால் நேம்சேர்வர் ஒழுங்காகப் பதில் தரவில்லை.

கணினி இல்லையென்றால் போனிலேயே டிஎன்எஸ் செக்கர் என்று தேடினால் பல நாடுகளிலிருந்து ஒரே நேரத்தில் கேட்டுக் காட்டுகிற பக்கங்கள் கிடைக்கும்.

டிஎன்எஸ்ஸை 8.8.8.8 என்று மாற்றச் சொல்கிறார்கள். மாற்றினால் சரிவருமா?

உங்கள் இணைப்பின் டிஎன்எஸ் பழுதென்றால் உங்களுக்குச் சரிவரும். டொமைனே பழுதென்றால் ஒன்றும் மாறாது. ஒரு விடயம் கவனம்: உங்கள் கணினியில் மாற்றியதும் வெப்சைட் திறந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். பார்க்க வருகிற பெற்றோரும் வாடிக்கையாளரும் தங்கள் போனில் அப்படி மாற்றப் போவதில்லை. முந்திய பதிலில் சொன்ன சோதனையைச் செய்து பிழை எங்கே என்று பார்த்த பிறகுதான் இதைக் கையில் எடுக்க வேண்டும்.

போனில் திறக்கிறது, அலுவலகக் கணினியில் மட்டும் இல்லை.

கணினி பழைய பதிலைப் பிடித்து வைத்திருக்கிறது. கொமாண்ட் புரொம்ப்ட்டில் ஐபிகொன்ஃபிக், இடைவெளி, முன்சாய்ந்த கோடு, ஃபிளஷ்டிஎன்எஸ் என்று தட்டினால் அது அழியும். பிறகு பிரவுசரை முழுதாக மூடித் திறவுங்கள், ரவுட்டரையும் ஒருமுறை நிறுத்திப் போடுங்கள். அப்படியும் வராவிட்டால் விண்டோஸின் ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பாருங்கள். வெப்சைட் செய்தவர் சோதனைக்காக உங்கள் டொமைனையும் ஒரு எண்ணையும் அதில் எழுதிவிட்டு அழிக்க மறந்திருக்கலாம்.

மறுபக்கமாக, போனில் மட்டும் திறக்கவில்லை என்றால் அண்ட்ரொய்ட் போனின் நெட்வேர்க் அமைப்பில் "பிரைவேட் டிஎன்எஸ்" என்ற இடத்தைப் பாருங்கள். அண்ட்ரொய்ட் 9 முதல் இது இருக்கிறது. விளம்பரத்தைத் தடுக்க யாரோ சொன்ன பெயரை அதில் போட்டிருந்தால், அந்தச் சேவை நின்ற நாளில் போனில் ஒரு வெப்சைட்டும் திறக்காது. "ஒட்டோமட்டிக்" என்று மாற்றிவிடுங்கள்.

"உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று வருகிறது.

இது வெப்சைட் உண்மையானதுதான் என்று பிரவுசருக்குக் காட்டும் சான்றிதழ் விடயம். எல்லா வெப்சைட்டுக்கும் அப்படி வந்தால் கணினியின் திகதியைப் பாருங்கள். பழைய மேசைக் கணினிகளில் மதர்போர்ட்டில் உள்ள சிஆர்2032 நாணய பற்றரி இறந்துவிட்டால், கரண்ட் போய் வருகிற ஒவ்வொரு தடவையும் திகதி பல ஆண்டுகள் பின்னே போய்விடும். அந்தக் கணினிக்கு எல்லாச் சான்றிதழும் இனிமேல்தான் செல்லுபடியாகப் போகிறவையாகத் தெரியும். பற்றரியை மாற்றினால் போதும்.

உங்கள் வெப்சைட்டுக்கு மட்டும் வந்தால் பெரும்பாலும் சான்றிதழ் புதுப்பிக்கப்படவில்லை. லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற இலவசச் சான்றிதழ்கள் குறுகிய காலத்துக்கே செல்லும், தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். ஆனால் டொமைன் வேறு சேர்வரைக் காட்டினால் அந்தப் புதுப்பிப்புத் தோற்றுப்போகும்.

டொமைன் காலாவதியாகிவிட்டது. எத்தனை நாள் அவகாசம்?

டொட் கொம், டொட் நெட், டொட் ஓர்க் போன்றவற்றுக்கு வழமையான நாட்கணக்கு இது. காலாவதியான பின் 45 நாள்வரை பதிவாளர் சாதாரண விலையில் புதுப்பிக்க விடலாம். 45 என்பது உச்சம், எத்தனை நாள் என்பது பதிவாளரின் கையில். பதிவாளர் பெயரை நீக்கிவிட்டால் அடுத்த 30 நாள் மீட்புக் காலம். அதில் எடுக்கலாம், ஆனால் புதுப்பிப்புக் கட்டணத்துக்கு மேலே கனத்த மீட்புக் கட்டணம் கேட்பார்கள். அதன்பின் 5 நாள் அழிப்புக் காத்திருப்பு. அந்த 5 நாளும் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அது முடிந்ததும் பெயர் பொதுச் சந்தைக்கு வந்துவிடும். பழைய பெயர்களுக்காகக் காத்திருந்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் வருடக்கணக்காக வளர்த்த பாடசாலையின் பெயரில் நாளை சூதாட்ட விளம்பரம் ஓடும். டொட் எல்கே பெயர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது, இலங்கைப் பதிவகத்தின் விதிகளே பொருந்தும்.

உங்கள் டொமைன் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க ஐகான் (டொமைன் பெயர்களை உலகளவில் ஒருங்கிணைக்கும் அமைப்பு) நடத்தும் லுக்அப் பக்கத்தில் பெயரைப் போடுங்கள். முடிவுத் திகதியும் நிலையும் வரும். "கிளையன்ட் ஹோல்ட்" என்றால் பதிவாளர் நிறுத்தியிருக்கிறார். "ரிடெம்ப்ஷன் பீரியட்" என்றால் மீட்புக் காலம், அன்றைக்கே பதிவாளரைப் பிடியுங்கள். "பென்டிங் டிலீட்" என்றால் பிந்திவிட்டது.

காலாவதியான டொமைன் எப்போதும் வெறுமையாகத் திறக்காமல் இருக்கும் என்றில்லை. பதிவாளரின் விளம்பரப் பக்கம் வருவது வழக்கம். அதைப் பார்த்து "ஹக் பண்ணிவிட்டார்கள்" என்று பதறுகிறவர்கள் முதலில் முடிவுத் திகதியைப் பார்க்க வேண்டும்.

தானாகப் புதுப்பிக்கும்படிதான் போட்டிருந்தோம். ஏன் நின்றது?

கார்ட்டின் காலம் முடிந்திருக்கும், அல்லது வங்கி அதில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவைத் திறந்துவிடவில்லை. காசு போகவில்லை என்ற அறிவிப்பு யாரும் பார்க்காத மின்னஞ்சலுக்குப் போயிருக்கும். டொட் கொம் போன்ற பெயர்களுக்கு முடிவுத் திகதிக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும், முடிந்து ஐந்து நாளுக்குள்ளும் பதிவாளர் நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்பது விதி. மூன்று கடிதமும் ஸ்பாமில் கிடப்பதை நிறையப் பார்க்கலாம்.

காசு கட்டியும் நின்றால் மின்னஞ்சல் உறுதிப்படுத்தலைப் பாருங்கள். புதிதாகப் பதிந்தாலோ உரிமையாளர் விபரத்தை மாற்றினாலோ ஓர் உறுதிப்படுத்தும் இணைப்பு வரும். 15 நாளுக்குள் அதைச் சொடுக்காவிட்டால் டொமைனை நிறுத்தி வைப்பார்கள். சொடுக்கியபின் சில மணி நேரத்தில் வழமைக்குத் திரும்பும்.

ஹொஸ்டிங் மாற்றினோம். சிலருக்குப் புதியது, சிலருக்குப் பழையது தெரிகிறது.

பிழை இல்லை, காத்திருப்பு. ஒவ்வொரு ரெக்கோட்டுடனும் டிடிஎல் என்ற எண் இருக்கும், செக்கன் கணக்கில். 3600 என்றால் ஒரு மணி நேரம், 14400 என்றால் நான்கு மணி, 86400 என்றால் ஒரு நாள். அவ்வளவு நேரம் உலகெங்குமுள்ள சேர்வர்கள் பழைய பதிலையே வைத்திருக்கலாம். "48 மணி நேரம் பொறுங்கள்" என்று எல்லோரும் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது: டொட் கொம் சேர்வர்கள் தரும் நேம்சேர்வர் விபரத்தின் டிடிஎல் 172800 செக்கன், அதாவது சரியாக இரண்டு நாள். நேம்சேர்வரை மாற்றாமல் முகவரி ரெக்கோட்டை மட்டும் மாற்றினால் அவ்வளவு நேரம் தேவையில்லை.

மாற்றும் நாளுக்கு ஒரு நாள் முன்னதாக டிடிஎல்லை 300 ஆகக் குறையுங்கள். மாற்றுங்கள். பழைய ஹொஸ்டிங்கை ஒரு வாரமாவது நிறுத்தாமல் வைத்திருங்கள். எல்லாம் சரிவந்த பின் டிடிஎல்லைத் திரும்ப உயர்த்துங்கள். பொறுமையில்லாமல் இரண்டு மணிக்கொருதரம் ரெக்கோட்டை மாற்றி மாற்றி வைப்பதுதான் இதில் ஆகக் கூடாத காரியம். ஒவ்வொரு மாற்றமும் காத்திருப்பைத் திரும்பத் தொடங்கும்.

இன்னொன்று: ரெக்கோட்டைப் போடுவதற்கு முன்பே வந்துவிட்டதா என்று தட்டிப் பார்க்காதீர்கள். "இல்லை" என்ற பதிலையும் சேர்வர்கள் நினைவில் வைக்கும்.

மூன்று டபிள்யூ போட்டால் திறக்கவில்லை, போடாவிட்டால் திறக்கிறது.

அவை இரண்டு தனிப் பெயர்கள். இரண்டுக்கும் ரெக்கோட் வேண்டும். வெறும் பெயருக்கு முகவரி எண்ணைத் தரும் ஏ ரெக்கோட், டபிள்யூக்கு அந்த வெறும் பெயரைக் காட்டும் சிநேம் ரெக்கோட். வெறும் பெயருக்கே சிநேம் போட வேண்டாம். சிநேம் இருக்கும் இடத்தில் வேறு ரெக்கோட் இருக்கக்கூடாது என்பது விதி, உங்கள் மின்னஞ்சல் ரெக்கோட் அங்கேதான் இருக்கிறது.

நேம்சேர்வர் மாற்றியபின் மின்னஞ்சல் வருவதில்லை.

மின்னஞ்சல் எந்தச் சேர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்வது எம்எக்ஸ் ரெக்கோட். பழைய நேம்சேர்வரிலிருந்த அதைப் புதியதில் எழுதவில்லை. மாற்றுவதற்கு முன் பழைய பக்கத்திலுள்ள எல்லா ரெக்கோட்டையும் படமெடுத்து வையுங்கள். பழைய கணக்கு இன்னும் திறக்குமானால் இப்போதே எடுத்து அப்படியே எழுதுங்கள். எஸ்பிஎஃப் வரி (உங்கள் பெயரில் எந்தச் சேர்வர்கள் மின்னஞ்சல் அனுப்பலாம் என்று சொல்வது) ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும், இரண்டு போட்டால் இரண்டும் செல்லாது.

சில நெட்வேர்க்கில் திறக்கிறது, சிலதில் "சேர்வர் ஃபெய்ல்ட்". ரெக்கோட் எல்லாம் சரி.

டிஎன்எஸ்செக் (டிஎன்எஸ் பதில்களுக்குக் கையொப்பமிடும் பாதுகாப்பு) போட்டிருந்து, நேம்சேர்வரை மாற்றியபோது பதிவாளரிடமுள்ள, பழைய கையொப்பத்துக்குரிய டிஎஸ் ரெக்கோட்டை நீக்காமல் விட்டால் இப்படி வரும். கையொப்பத்தைச் சரிபார்க்கிற சேர்வர்கள் (8.8.8.8 அதில் ஒன்று) பதிலை நிராகரிக்கும், சரிபார்க்காதவை விட்டுவிடும். டிஎஸ் ரெக்கோட்டை நீக்கி, ஒரு நாள் கழித்துப் புதியதைப் போடுங்கள்.

"டைம்ட் அவுட்" சில போன்களில் மட்டும் என்றால் ஏஏஏஏ ரெக்கோட்டைப் பாருங்கள். அதிலுள்ள ஐபிவி6 முகவரி (புதிய வகை நீண்ட முகவரி) பழைய ஹொஸ்டிங்கையே காட்டிக்கொண்டிருக்கும்.

கோவிலின் பெயரைத் தமிழிலேயே டொட் இலங்கையில் எடுத்தோம். சிலர் தட்டினால் திறப்பதில்லை.

டொட் இலங்கை 2010 இல் வந்தது. சேர்வர்களுக்குத் தமிழ் எழுத்து நேரே புரியாது. பிரவுசர் அதை எக்ஸ்என் என்று தொடங்கும் ஓர் ஆங்கில எழுத்துச் சரமாக மாற்றித்தான் கேட்கும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகிற இரண்டு தமிழ்ச் சொற்கள் இரண்டு வேறு சரங்களாக மாறலாம்.

கோவில் பெயர்களில் ஸ்ரீதான் முதல் இடைஞ்சல். அதைச் ஸ என்ற எழுத்தில் தொடங்கியும் தட்டலாம், ஶ என்ற எழுத்தில் தொடங்கியும் தட்டலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவமாகத்தான் தெரியும். டொமைனுக்கு அவை இரண்டு பெயர். அடுத்தது ஔ. கௌரி என்பதை ஒழுங்கான ஔகாரக் குறியோடு தட்டுவதும், ஒற்றைக்கொம்பு போட்டு ள எழுத்தைப் பக்கத்தில் வைப்பதும் ஒன்றல்ல. முடிந்தால் இந்த எழுத்துகள் இல்லாத பெயரைத் தெரிவுசெய்யுங்கள். ஸ்ரீ வேண்டும் என்றால் இரண்டு வடிவத்தையும் பதிய முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது பாமினி. பாமினி எழுத்துருவில் தட்டிய பெயரை அட்ரஸ் பாரில் ஒட்டினால் விளங்காத ஆங்கில எழுத்துகளாக விழும், ஏனென்றால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துத்தான். அழைப்பிதழுக்குப் பாமினியில் அச்சடிக்கலாம். வெப்சைட் முகவரியை யூனிகோட்டில் தட்டியே வாட்ஸப்பில் அனுப்ப வேண்டும். நோட்டீஸில் பக்கத்திலேயே ஒரு கியூஆர் குறி போட்டுவிட்டால் தட்டுகிற தொல்லையே இல்லை.

கனடாவில் திறக்கிறது, இங்கே இல்லை.

வெளியூர் உறவினரைத் திறந்து பார்க்கச் சொல்வது நல்ல சோதனை. ரொறன்ரோவில் கோடைகாலத்தில் நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பிந்தி, ஆகவே நம் காலையில் கேட்டால் அவர்கள் முன்னிரவில் பார்ப்பார்கள். அங்கே திறந்து இங்கே எல்லா நெட்வேர்க்கிலும் திறக்காவிட்டால் இரண்டு காரணம்: ஹொஸ்டிங்கின் பாதுகாப்பு அமைப்பு இலங்கை முகவரிகளைத் தடுக்கிறது, அல்லது இங்கே தடை போடப்பட்டிருக்கிறது. 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரல் 3 அன்றும் சமூக ஊடகங்கள் தடுக்கப்பட்டன. அப்படியான நாளில் உங்கள் ரெக்கோட்டை மாற்றி ஒரு பயனுமில்லை.

வெப்சைட் திறந்தால் வேறு பக்கம் வருகிறது. டொமைன் இன்னும் காலாவதியாகவில்லை.

என்எஸ்லுக்அப்பில் வரும் எண் உங்கள் ஹொஸ்டிங் எண்ணாக இருந்தால் வெப்சைட்டுக்குள் யாரோ புகுந்திருக்கிறார்கள். எண் வேறாக இருந்தால் டொமைன் கணக்கில் புகுந்து ரெக்கோட்டை மாற்றியிருக்கிறார்கள். பதிவாளர் கணக்கின் கடவுச்சொல்லையும் அதற்குரிய மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள், இரட்டைப் பாதுகாப்பைப் போடுங்கள், டிரான்ஸ்ஃபர் லொக் (பெயரை வேறு பதிவாளருக்கு மாற்றவிடாத பூட்டு) இருக்கிறதா என்று பாருங்கள். பிறகுதான் ரெக்கோட்டைத் திருத்த வேண்டும். பெரிய பெயர்களுக்கும் இது நடக்கும்: 2021 பெப்ரவரி 6 அன்று சில டொட் எல்கே பெயர்களின் பதிவுகள் மாற்றப்பட்டு, கூகிளின் டொட் எல்கே முகவரிக்குப் போனவர்கள்கூட வேறு பக்கத்துக்குத் திருப்பப்பட்டார்கள்.

டொமைனை வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர் ஒருவர் எடுத்துத் தந்தார். இப்போது அவரைத் தொடர்புகொள்ள முடியவில்லை.

வன்னியில் ஆகத் தீர்க்கக் கடினமான டொமைன் கோளாறு இதுதான். அன்பளிப்பாக எடுத்துத் தந்தவர் தன் பெயரிலும் தன் மின்னஞ்சலிலும் தன் கார்ட்டிலும் எடுத்திருப்பார். பதிவாளரின் கண்ணில் உரிமையாளர் அவர்தான், பாடசாலை அல்ல. அவர் வேலை மாறி மின்னஞ்சலை இழந்தாலும், காலமாகிவிட்டாலும் பெயர் அநாதையாகிவிடும்.

முதலில் முடிவுத் திகதியைப் பாருங்கள். பல பதிவாளர்களிடம் கணக்குக்குள் போகாமலே யாரும் புதுப்பிப்புக் காசைக் கட்டலாம். முடியுமா என்று கேட்டு ஓராண்டை நீட்டிக்கொள்ளுங்கள். அது உரிமையைத் தராது, நேரத்தைத் தரும். பிறகு அவரின் குடும்பத்தாரையோ சங்கத்தாரையோ பிடித்து, அந்தப் பழைய மின்னஞ்சலை மீட்க முயலுங்கள். மின்னஞ்சல் வந்தால் கடவுச்சொல்லை மாற்றி எல்லாம் கைக்கு வரும். வராவிட்டால் நிறுவனத்தின் கடிதத்தலைப்பில் அதிபர் அல்லது தலைவர் கையொப்பமும் முத்திரையும் வைத்த கடிதம், பழைய கொடுப்பனவுப் பற்றுச்சீட்டு, காலமானவர் என்றால் மரணச் சான்றிதழ் ஆகியவற்றுடன் பதிவாளருக்கு எழுதுங்கள். வாரக்கணக்கில் இழுக்கும். அதற்காகத்தான் ஓராண்டு நீட்டிப்பு.

கைக்கு வந்ததும் உரிமையாளர் இடத்தில் நிறுவனத்தின் பெயரை எழுதுங்கள். மின்னஞ்சல் அந்த டொமைனிலேயே உள்ளதாக இருக்கக்கூடாது. டொமைன் நின்றால் அதுவும் நின்றுவிடும், மீட்புக் கடிதம் வராது. நிறுவனத்துக்கென்று தனி ஜிமெயில் ஒன்று திறந்து, இரண்டு பேரின் போன் எண்ணை அதில் கொடுங்கள். உரிமையாளர் விபரத்தை மாற்றினால் 60 நாளுக்கு வேறு பதிவாளரிடம் மாற்ற முடியாமல் பூட்டிவிடக்கூடும், ஆகவே முடிவுத் திகதி நெருங்கும்போது அதைச் செய்ய வேண்டாம். பதிவாளர் பெயர், கணக்கு மின்னஞ்சல், முடிவுத் திகதி, ஹொஸ்டிங் யாரிடம் என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதி, அதிபரோ செயலாளரோ மாறும்போது பொறுப்பு ஒப்படைக்கும் கோப்பில் சாவிகளோடு சேர்த்துக் கொடுங்கள். கடவுச்சொல்லை அந்தத் தாளில் எழுத வேண்டாம்; மூடி முத்திரையிட்ட தனி உறையில் வையுங்கள்.